கொக்கியூசியும் வளைந்த பரப்பும்

நெசவில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று குறுக்கே கடந்து துணியாகின்றன. அதனால் நெய்த துணி பிறக்கும்போதே தட்டையானது. அதனை உடலின் வளைவுக்கேற்ப அமைக்க வேண்டுமாயின் கத்தரிக்கோலும் தையலும் துணைக்கு வரவேண்டும். குரோஷா எனப்படும் கொக்கிப் பின்னலின் இயல்பு வேறு. முனை வளைந்த ஊசி ஒன்றே கருவி. அவ்வூசியின்மேல் எந்நேரமும் பணியில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான். அதன் வழியே நூலை இழுத்துப் புதுக் கண்ணி ஆக்கி, முன்வரிசையில் வேண்டிய இடத்தில் அதனைக் கோப்பதே இக்கலையின் அடிப்படைச் செயல். ஓரிடத்தில் ஒரு கண்ணி போடலாம், இரண்டு போடலாம், அடுத்தடுத்த இரண்டை ஒன்றாகக் குறுக்கவும் செய்யலாம். இவ்வுரிமை இருப்பதால், பரப்பு வளரும்போதே அதன் வளைவும் உடன் வளர்கிறது.

கோப்பைக்கு அடியில் வைக்கும் தட்டையான வட்ட விரிப்பு, பஞ்சு அடைத்த உருண்டைப் பொம்மை, சட்டையின் கழுத்தில் அலையலையாய் மடியும் விளிம்பு ஆகிய மூன்றும் ஓய்வு நேரத்தில் பின்னுவோர் நன்கறிந்தவை. மூன்றுக்கும் நூல் ஒன்று, ஊசி ஒன்று, கண்ணியும் ஒன்றே. ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குக் கண்ணிகள் எவ்வளவு பெருகுகின்றன என்பதில்தான் வேறுபாடு முழுவதும் அடங்கியுள்ளது. இந்த எளிய எண்ணிக்கையைப் பின்பற்றிச் சென்றால், கணித அறிஞர்கள் நெடுங்காலம் கண்ணால் காண இயலாதிருந்த ஒரு பரப்பை நம் மடியிலேயே விரித்து வைக்கலாம்.

ஆறு என்னும் எண்

தட்டையான வட்டம் பின்னத் தொடங்குவோர்க்குக் கற்பிக்கப்படும் முதல் விதி இது: நடுவளையத்தில் 6 குட்டைக் கண்ணிகள், பின்னர் ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட்டுக. கண்ணிகள் 6, 12, 18, 24 எனப் பெருகும். இந்த ஆறு எங்கிருந்து வந்தது?

வட்டத்தின் சுற்றளவு அதன் ஆரத்தைப் போல் 2π மடங்கு, அதாவது ஏறத்தாழ 6.28 மடங்கு. குட்டைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம். ஒரு சுற்று கூடும்போது ஆரம் ஒரு கண்ணி உயரம் வளர்கிறது. அதற்கு ஈடாகச் சுற்றளவு 6.28 கண்ணி அகலம் வளர்ந்தாக வேண்டும். அதற்கு அண்மையான முழு எண் 6. எஞ்சிய சிறு குறைவை நூலின் நெகிழ்ச்சி ஏற்றுக்கொள்கிறது. ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு போடும் நெட்டைக் கண்ணி, தன் அகலத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு உயரமுடையது. ஆகவே அதற்குச் சுற்றொன்றுக்கு 12 கூட்டுவது வழக்கம். பின்னல் நூல்களில் காரணம் கூறாமல் அச்சிடப்படும் இவ்விரு எண்களும் வட்டத்தின் இயல்பிலிருந்தே பிறந்தவை.

கூட்டும் இடங்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்தால் வட்டம் அறுகோணமாகத் தோன்றும். அவற்றைச் சுற்றுக்குச் சுற்று இடம் மாற்றினால் விளிம்பு வட்டமாகும். ஆறுக்குப் பதில் ஐந்தைக் கூட்டினால் பரப்பு கூம்பாகக் குவியும். எட்டைக் கூட்டினால் தரையில் படியாமல் குதிரைச் சேணம்போல் எழும்பும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. சுற்றுதோறும் ஒரே எண்ணைக் கூட்டும் வரை, எண் எதுவாயினும், வளைவு முழுவதும் நடுப்புள்ளியிலேயே தங்கிவிடும். நடுவை விலக்கி எந்தச் சிறு பகுதியைப் பார்த்தாலும் அது தட்டையான தாளைப் போன்றதே. பரப்பெங்கும் வளைவு பரவ வேண்டுமாயின் கூட்டும் எண்ணே சுற்றுக்குச் சுற்று மாற வேண்டும்.

உருண்டையின் கணக்கு

அமிகுருமி எனப்படும் யப்பானியப் பொம்மைகளைப் பின்னுவோர் உருண்டைக்கு ஒரு வழி வைத்திருக்கின்றனர். முதலில் சுற்றுக்கு ஆறு கூட்டுவர். சில சுற்றுகளைக் கூட்டாமல் பின்னுவர். இறுதியில் ஆறாறு குறைப்பர். இவ்வாறு வருவது ஓரளவு உருண்டை. பிசிறற்ற கோளம் வேண்டுவோர்க்குக் கணிதம் துணைநிற்கும்.

உச்சியிலிருந்து அடிவரை 24 சுற்றுகள் கொண்ட கோளத்தைக் கருதுவோம். குட்டைக் கண்ணிக்கு உயரமும் அகலமும் சமமெனக் கொண்டால், நடுச்சுற்றில் 48 கண்ணிகள் வேண்டும். கோளத்தின் நடுச்சுற்றளவு, உச்சியிலிருந்து அடிவரை மேற்பரப்பின் வழியே அளக்கும் நீளத்தைப் போல் இரு மடங்கு என்பதே காரணம். இடைப்பட்ட சுற்றுகளின் கண்ணிகளைச் சைன் சார்பு தருகிறது: 6, 12, 18, 24, 29, 34 எனத் தொடங்கி, எட்டாம் சுற்றில் 42, பத்தாம் சுற்றில் 46, பன்னிரண்டாம் சுற்றில் 48 எனத் தணிந்து முடியும், பின் அதே வழியில் இறங்கும்.

முதல் நான்கு சுற்றுகளும் தட்டை வட்டத்தின் எண்களோடு அப்படியே ஒத்திருப்பதைக் காண்க. ஐந்தாம் சுற்றில்தான் 30க்குப் பதில் 29 வருகிறது. எவ்வளவு பெரிய கோளமும் தன் சிறு பகுதியில் தட்டையாகவே தோன்றும் என்ற உண்மை இவ்வெண்களில் வெளிப்படுகிறது. உருண்டைப் புவியின்மேல் நிற்கும் நமக்கு வயல்வெளி சமதளமாகத் தெரிவதும் இதனால்தான்.

துண்டு துண்டாகப் பின்னி இணைப்போர் இதே உண்மையைக் கோணங்களில் காணலாம். சதுரங்களை இணைத்துப் போர்வை செய்யும்போது ஒவ்வொரு சந்திப்பிலும் நான்கு செங்கோணங்கள் கூடி 360 பாகையாகின்றன. போர்வை தட்டையாய்ப் படிகிறது. 2016 சனவரி 31 அன்று சென்னையில், இந்தியப் பின்னற்கலைஞர் குழு ஒன்று சதுரப் போர்வைகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புடைய போர்வையை விரித்து உலகச் சாதனை படைத்தது. அத்தனை பெரிய விரிப்பும் சுருங்காமல் படிந்ததற்கு அடிப்படை இந்த 360 பாகையே. கால்பந்தில் ஓர் ஐங்கோணமும் இரு அறுகோணங்களும் சந்திக்கும் இடத்தில் 108, 120, 120 கூடி 348 பாகைதான் வருகிறது. குறைந்த 12 பாகை பரப்பைக் குவித்து உருண்டையாக்குகிறது. ஐங்கோணத்தை எடுத்துவிட்டு எழுகோணத்தை வைத்தால் கூட்டுத்தொகை 368 பாகையைக் கடக்கும். மிகுந்த பாகை பரப்பைக் குவிய விடாமல் மேலும் கீழுமாய் நெளிய வைக்கும். இந்நெளிவே எதிர்வளைவு. மூன்று வடிவங்களில் இதுவே கணிதத்தை நெடிது அலைக்கழித்தது.

இணைகோட்டுச் சிக்கல்

கி.மு. 300 அளவில் யூக்ளிட் வகுத்த வடிவக் கணிதம் ஐந்து எடுகோள்களின்மேல் நிற்பது. ஐந்தாவது எடுகோளைப் பிற்காலத்தார் எளிமையாக இவ்வாறு கூறுவர்: ஒரு கோட்டுக்கு வெளியேயுள்ள புள்ளி வழியாக, அக்கோட்டைச் சந்திக்காத கோடு ஒன்றே ஒன்றுதான் வரைய இயலும். ஏனைய நான்கிலிருந்து இதனை மெய்ப்பிக்க இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் முயன்று தோற்றனர். 1829இல் உருசியாவின் கசானில் லோபசெவ்ஸ்கியும், 1832இல் அங்கேரியரான போயாயும், அந்த எடுகோளை மறுத்தும் முரண்படாத வடிவக் கணிதம் ஒன்று இயலும் எனத் தனித்தனியே வெளியிட்டனர். கௌஸ் அதனை முன்னரே உணர்ந்திருந்தும் வெளியிடத் தயங்கினார்.

அதிபரவளையத் தளம் எனப்படும் அப்புதிய பரப்பில், ஒரு புள்ளி வழியாக ஒரு கோட்டைச் சந்திக்காத கோடுகள் எண்ணற்றவை. முக்கோணத்தின் கோணங்கள் கூடி 180 பாகையை எட்டுவதில்லை. கோளம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் குவிவது போல, இத்தளம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நெளிகிறது. 1868இல் இத்தாலியரான பெல்த்ராமி இதற்கு மாதிரிகள் வகுத்தார். 1901இல் ஹில்பர்ட், எல்லையற்ற அத்தளம் முழுவதையும் மழமழப்பான சமன்பாட்டுப் பரப்பாக நம் முப்பரிமாண வெளியில் அமைக்கவே இயலாது என மெய்ப்பித்தார். முழுமையாக அமைக்க இயலாதாயினும் ஒரு பகுதியை ஆக்கலாம். அமெரிக்கக் கணித அறிஞர் வில்லியம் தர்ஸ்டன், வளைந்த தாள் பட்டைகளை அடுத்தடுத்து ஒட்டி அத்தகைய பகுதியைச் செய்து காட்டினார். அந்தத் தாள் மாதிரியோ எளிதில் கிழிவது. மாணவர் கைபட்டால் நெடுநாள் தாங்காதது.

இலத்துவியாவில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயிற்றுவித்த தைனா தைமினா 1997இல் இத்தாள் மாதிரியைக் கண்டார். பட்டைக்குப் பட்டை நீளம் பெருகும் அமைப்பு, வரிசைக்கு வரிசை கண்ணி பெருகும் பின்னலே என்பது அவருக்குப் புலப்பட்டது. முதலில் இரு ஊசிப் பின்னலில் முயன்றார். அம்முறையில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஊசியிலேயே தங்கவேண்டும். விரைந்து பெருகும் கண்ணிகளை ஊசி தாங்கவில்லை. கொக்கிப் பின்னலில் அந்தத் தடையில்லை. விளிம்பு எவ்வளவு நீண்டாலும் ஊசிக்கு வேண்டியது பணியிலிருக்கும் அந்த ஒரு கண்ணியே. இம்முறையை அவரும் டேவிட் ஹெண்டர்சனும் 2001இல் கணித இதழொன்றில் விளக்கினர். இதுபற்றி அவர் 2009இல் வெளியிட்ட நூல், விந்தையான தலைப்புக்கெனப் பிரித்தானியாவில் வழங்கப்படும் பரிசையும், 2012இல் அமெரிக்கக் கணிதச் சங்கம் வழங்கும் ஆய்லர் நூற்பரிசையும் ஒருங்கே பெற்றது.

கையால் ஆக்கும் முறை

இப்பரப்பைப் பின்னத் தனித்திறன் வேண்டா. சங்கிலிக் கண்ணியும் குட்டைக் கண்ணியும் அறிந்தவர் எவரும் பின்னலாம். வளைவு தெளிவாய் நிற்க வேண்டுமாதலின், மெல்லிய கம்பளியைவிட விறைப்பான அக்ரிலிக் நூல் ஏற்றது. நூலுக்குப் பரிந்துரைக்கப்பட்டதைவிட ஒரு படி சிறிய ஊசியைக் கொள்க, இறுக்கமாகப் பின்னுக.

முதலில் 20 சங்கிலிக் கண்ணிகள் போடுக. அடுத்த வரிசை முதல் விதி ஒன்றே: நான்கு கண்ணிகளில் ஒவ்வொன்று, ஐந்தாவதில் இரண்டு. வரிசை முடிந்தாலும் எண்ணிக்கையை அறுக்காமல் அடுத்த வரிசைக்குக் கொண்டு செல்க. இவ்வாறு ஒவ்வொரு வரிசையும் முந்தையதைப் போல் 1.2 மடங்காகும். தட்டை வட்டத்தில் ஒரே எண்ணைக் கூட்டினோம்; இங்கே ஒரே எண்ணால் பெருக்குகிறோம். கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் உள்ள இவ்வேறுபாடே தட்டைத் தளத்துக்கும் அதிபரவளையத் தளத்துக்கும் உள்ள வேறுபாடு.

பெருக்கத்தின் வேகத்தை முன்னறிந்து நூலைச் சேர்த்து வைத்துக்கொள்வது நன்று. இருபதாம் வரிசையில் கண்ணிகள் 760ஐக் கடக்கும். கண்ணி ஒன்றின் உயரமும் அகலமும் அரை செ.மீ. எனக் கொண்டால், 10 செ.மீ. உயரமுள்ள அத்துண்டின் விளிம்பு ஏறத்தாழ 3.8 மீட்டர் நீளும். துண்டு ஓரளவு வளர்ந்தபின், எவ்வளவு பெரிதாகப் பின்னினாலும், மொத்த நூலில் பாதிக்கும் மேல் கடைசி நான்கு வரிசைகளிலேயே செலவாகியிருக்கும். அதிபரவளையத் தளத்தின் பரப்பு பெரும்பாலும் விளிம்பையொட்டியே குவிந்திருப்பதை நூலுருண்டை கரையும் விரைவே உணர்த்திவிடும். நடுவளையத்தில் ஆறு கண்ணிகளோடு தொடங்கி, ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போடுவோர் இன்னும் விரைவாக இதனை உணர்வர்: தட்டை வட்டத்தில் 60 கண்ணிகள் வேண்டிய பத்தாம் சுற்றில் அவர்களுக்கு 3,072 வேண்டும்.

எத்தனைக் கண்ணிக்கு ஒருமுறை கூட்டுகிறோமோ, அவ்வெண்ணே வளைவின் அளவையும் தீர்மானிக்கிறது. ஐந்துக்கு ஒன்று கூட்டினால் தளத்தின் வளைவு ஆரம் ஏறத்தாழ ஐந்தரை வரிசை உயரம். பன்னிரண்டுக்கு ஒன்று கூட்டினால் பன்னிரண்டரை வரிசை உயரம். எண் சிறுத்தால் மடிப்பு நெருக்கமாகும். பெருத்தால் அலை நீண்டு தளரும். பொம்மைக்கு மூன்று, கழுத்துப்பட்டையின் விளிம்புக்கு எட்டு, கணித ஆய்வுக்குப் பன்னிரண்டு எனத் தேவைக்கேற்பத் தெரிவு செய்யலாம்.

பின்னி முடித்த துண்டு ஓர் ஆய்வுக்கூடமாகும். அதனை மடித்து அழுத்தினால் வரும் மடிப்புக்கோடு அத்தளத்தின் நேர்கோடு; வேறு நிற நூலால் அதன்மேல் ஓட்டுத்தையல் இட்டுக்கொள்க. அக்கோட்டுக்கு அப்பாலுள்ள ஒரு புள்ளி வழியாக மூன்று நான்கு மடிப்புகளை எடுத்தால், அவற்றுள் எதுவும் முதற்கோட்டைச் சந்திக்காமல் விலகிச் செல்வதைக் கையால் தடவியே அறியலாம். மூன்று மடிப்புகளால் ஒரு முக்கோணம் அமைத்துக் கோணங்களை அளந்தால், 180 பாகை வராது. முக்கோணம் பெரிதாக ஆகக் குறைவும் பெரிதாகும். மேற்கூறிய அரை செ.மீ. கண்ணிகொண்ட பின்னலில், பக்கங்களை எவ்வளவு நீட்டினாலும் எந்த முக்கோணமும் 24 சதுர செ.மீ. பரப்பைத் தாண்டாது. பக்கத்துக்கு எல்லையில்லை, பரப்புக்கு எல்லை உண்டு என்ற இவ்வியப்பை ஏட்டில் படிப்பதைவிடக் கையில் அளப்பது தெளிவு தரும்.

இயற்கையில் இதே விதி

விளிம்பு நடுவைவிட விரைந்து வளரும் இடமெல்லாம் இந்நெளிவு தோன்றும். கோழிக்கொண்டைப் பூவின் மடிப்பு, முட்டைக்கோசின் புற இலை, கடற்பாசியின் ஓரம், ஓடற்ற கடல் நத்தையின் மேலாடை ஆகியவை இதற்குச் சான்று. 2003இல் உத்பல் நாத், என்ரிக்கோ கோயன் முதலிய ஆய்வாளர்கள் அந்திரினம் என்னும் பூச்செடியின் மரபணு ஒன்றைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. அம்மரபணு செவ்வனே இயங்கும்போது, இலை விளிம்பின் உயிரணுக்கள் உரிய காலத்தில் பெருக்கத்தை நிறுத்துகின்றன; இலை தட்டையாய் விரிகிறது. அது பழுதுபட்டால் விளிம்பு மிகுதியாக வளர்ந்து இலை நெளிகிறது. ஆக, தட்டையான இலை இயல்பாக நேர்வதன்று. விளிம்பின் வளர்ச்சி அளவோடு அடக்கப்படுவதால் அமைவது. சுற்றுக்கு ஆறென எண்ணிப் பின்னுவோர் அறிந்த கட்டுப்பாடும் இதுவே.

உயிரற்ற பொருளிலும் இதனைக் காணலாம். மெல்லிய நெகிழித் தாளை மெதுவாகக் கிழித்தால், கிழிந்த விளிம்பு நிலையாக நீண்டுவிடும். நீண்ட விளிம்பு, பெரிய அலைமேல் சிற்றலை, அதன்மேல் இன்னும் சிறிய அலை என நெளியும். இதனை எரான் சரோன் முதலிய இயற்பியலாளர்கள் 2002இல் ஆராய்ந்து வெளியிட்டனர்.

பவளங்கள் இவ்வடிவத்தின் பெருங்களஞ்சியம். சுண்ணாம்புக் கூட்டை அடுக்கடுக்காய்க் கட்டும் சிற்றுயிர்களுக்கு, மிதந்துவரும் இரையைப் பற்றவும் தம்முள் வாழும் நுண்பாசிகளுக்கு ஒளி சேர்க்கவும் மிகுந்த மேற்பரப்பு வேண்டும். சிறிய இடத்தில் பெரும் பரப்பை அடக்குவது நெளிவின் இயல்பு. ஆத்திரேலியாவின் குயின்சுலாந்தில் வளர்ந்து லாசு ஏஞ்சல்சில் வாழும் மார்கரெட் வெர்த்தைம், கிறிஸ்டின் வெர்த்தைம் என்னும் உடன்பிறந்த இருவர், தைமினாவின் முறையைக் கொண்டு 2005இல் பவளத்திட்டு ஒன்றைப் பின்னத் தொடங்கினர். கடல்நீர் வெப்பமுற்று, நுண்பாசிகளை இழந்து பவளங்கள் வெளிறுவதை மக்களுக்கு உணர்த்துவது அவர்தம் நோக்கம். நாடு பலவற்றிலும் ஊர்க்குழுக்கள் தத்தம் திட்டுகளைப் பின்னி இணைந்தன. 2019இல் வெனிசு கலைக் கண்காட்சியில் இப்படைப்பு இடம்பெற்றது.

இத்திட்டில் பின்னியோர் கண்டறிந்த ஓர் உண்மை பொழுதுபோக்காகப் பின்னுவோர்க்குப் பெரிதும் பயன்படும். விதியை வழுவாது பின்பற்றினால் ஒழுங்கான கணிதப் பரப்பு வரும். ஆயின் உயிருள்ள பவளத்தின் தோற்றம் அதில் முழுமையாக வாராது. ஐந்துக்கு ஒன்று எனத் தொடங்கி நடுவில் மூன்றுக்கு மாறுதல், ஒரு பக்கம் மட்டும் கூட்டுதல், நூலின் தடிப்பை மாற்றுதல், நெகிழிப்பைகளைக் கீற்றாக்கிப் பின்னுதல் எனச் சிறு மாற்றங்கள் சேரச் சேரப் புதிய இனங்கள் தோன்றின. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்தும் பவளங்கள் உள்ளன. அவற்றின் ஒளிப்படங்களைப் பார்த்து, எவ்விடத்தில் எத்தனைக்கு ஒன்று கூட்டினால் அம்மடிப்பு வரும் எனக் கணித்துப் பின்னுவது நம் பள்ளி மாணவர்க்கு ஏற்ற செயல்திட்டமாகும்.

சமன்பாட்டைப் பின்னியோர்

ஒரே விதியில் அடங்காத பரப்புகளும் கொக்கியூசிக்கு வயப்படும். 1963இல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரென்சு, வளிமண்டல ஓட்டத்தை எளிமைப்படுத்திய மூன்று சமன்பாடுகளை வெளியிட்டார். தொடக்கத்திலுள்ள மிகச்சிறு மாறுபாடும் பின்னர்ப் பெரிதாய் வளரும் என்பதை அவை காட்டின. அச்சமன்பாடுகளோடு தொடர்புடைய, மடிந்தும் முறுகியும் சுழலும் பரப்பு ஒன்றைக் கணினியால் கணித்தோர் பிரித்தானியாவின் பிரிசுடல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இங்கே ஓசிங்காவும் பெர்ண்டு கிரவுசுகோப்பும். நடுவிலிருந்து வளையம் வளையமாகப் பரப்பை வளர்த்து, வேண்டிய இடத்தில் புள்ளிகளைக் கூட்டியும் குறைத்தும் செல்வது அவர்களின் கணினி முறை. அதுவே பின்னல் குறிப்பாகவும் அமைவதை உணர்ந்த ஓசிங்கா, 85 மணி நேரத்தில் 25,511 கண்ணிகளில் அப்பரப்பைப் பின்னி முடித்தார். 2004இல் இருவரும் குறிப்புகளோடு அதனை வெளியிட்டனர். திரையில் தட்டைப் படமாய்த் தெரிந்ததைக் கையிலேந்திப் பல கோணங்களிலும் பார்க்க இதனால் வழி பிறந்தது.

இவ்வாறு நோக்குவோர்க்குப் பின்னல் குறிப்பு வளைவின் வரைபடமாகத் தெரியும். ஒரு தொப்பியை எடுத்துக்கொள்க. உச்சியில் சுற்றுக்கு ஆறு கூட்டினால் தட்டை. கூட்டுவது படிப்படியாய்க் குறைந்தால் தலையின் குவிவு. கூட்டாமல் நேரே இறங்கினால் உருளைச் சுவர். இறுதியில் எட்டுக்கு ஒன்று எனப் பெருக்கினால் அலையோரம். ஒரே தொப்பியில் வளைவின் எல்லா வகையும் வரிசையாய் அமைந்துவிட்டன. இவ்வாறு படிக்கப் பழகியவர் பிறர் எழுதிய குறிப்பைக் கண்ணிக்குக் கண்ணி பின்பற்ற வேண்டியதில்லை. மனத்தில் உள்ள உருவம் எவ்விடத்தில் குவிகிறது, எவ்விடத்தில் படிகிறது, எவ்விடத்தில் நெளிகிறது என மூன்று வினா எழுப்பி, விடைகளை எண்களாக மாற்றித் தாமே குறிப்பு வகுக்கலாம். முதல் முயற்சிக்கு ஐந்துக்கு ஒன்று என்னும் விதியும் 20 சங்கிலிக் கண்ணிகளும் போதும். நூல் மட்டும் சற்று மிகுதியாக இருக்கட்டும்.